பதினான்கு கோட்பாடுகளும் ஒரு பரோட்டாக் கல்லும்

பேருந்திலிருந்து முதலில் இறங்கியவர் புது மாப்பிள்ளை. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்றை அருவி கொண்டுபோய்விட்டதாம். அவருக்குப் பின்னால் ஈரத் தலையும் ஈரத் துணியுமாக ஒரு கல்யாண வீடே இறங்கியது.

களமருதூர்க்காரர்கள். கல்யாணம் முடிந்து, கறி விருந்தும் முடிந்து, பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே பேருந்தில் கல்வராயன் மலை ஏறியிருந்தார்கள். பல் போன பெரியவரிலிருந்து கைக்குழந்தை வரை அருவியில் நின்றுவிட்டு வந்திருந்தார்கள். அருவியில் குளித்தவன் பசி சாதாரணப் பசி இல்லை. மேசையைக் கடிக்கிற பசி.

கரியாலூரில் அத்தனை பேருக்கும் இலை போடும் கடை என்று நம்பி அவர்கள் வந்தது எங்கள் கடைக்கு. கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. ஈரத்துணிக்கு அடியில் மாவு உருண்டைகள் வரிசையாகக் காத்திருந்தன. சால்னா கொதித்து, சோம்பும் பட்டையும் மணத்தன.

கல்லுக்குப் பின்னால் எங்கள் பரோட்டா மாஸ்டர் ராமாயி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ராமாயி, ஆள் வந்துட்டாங்க பாரு. கல்லுல போடு" என்றேன்.

"எனக்கு உத்தரவு வர்ல டீச்சர்."

"இன்னா உத்தரவு?"

அவள் மோவாயால் சுவரைக் காட்டினாள். சுவரில், பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு படம் தொங்கியது. மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது. உச்சியில் ஒரு கட்டம்: 'மேலாண்மை இயக்குநர்'. அதற்குக் கீழே ஒரு கட்டம்: 'செயல்பாட்டு மேலாளர்'. அதிலிருந்து இரண்டு கோடுகள் பிரிந்து இறங்கின. ஒன்றின் முனையில் 'உற்பத்தி – ராமாயி'. மற்றதில் 'வாடிக்கையாளர் சேவை – காளி'. அம்புக்குறிகள் எல்லாம் மேலிருந்து கீழேதான் பாய்ந்தன.

மேலாண்மை இயக்குநர் என் வீட்டுக்காரர் பூபாலன். செயல்பாட்டு மேலாளர் என் தம்பி தனபால். இயக்குநர் வாசலின் இந்தத் தூணில் சாய்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் அந்தத் தூணில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? அந்தப் படம் வந்தது என் பாடப் புத்தகத்திலிருந்து.

பத்திரம் எதுக்கு?

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறவள் நான். 'பெறுபவர் கணக்கைப் பற்று செய்க, கொடுப்பவர் கணக்கை வரவு செய்க' என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேனாம். வீட்டில் சாட்சி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் மலைக்கும் கீழுக்கும் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே போகும்போது அரிசி, சிமெண்டு. கீழே வரும்போது மரவள்ளி, பலா, கடுக்காய். இடுப்பு வலி வந்து வண்டியை விற்றார். அதே சமயத்தில் என் தம்பி சென்னையில் ஓட்டல் வேலையை உதறிவிட்டு வந்து நின்றான். அருவிக்குக் கூட்டம் வர ஆரம்பித்திருந்த காலம். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டுக் கரியாலூரில் கடை எடுத்தார்கள்.

"ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக்குங்க" என்று அப்போதே சொன்னேன்.

"மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவுல இன்னா பத்திரம்?" என்றார் அவர்.

"யக்கா, நீ ஸ்கூல்ல நடத்தறத ஸ்கூலோட வெச்சுக்க" என்றான் தம்பி.

அன்றைக்கு அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரம் இல்லாவிட்டால் லாபம் சரிபாதி, கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது, போட்ட முதலுக்கு வட்டி கிடையாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். யார் தலைவர், யார் தொண்டர் என்பதைப் பற்றி அந்தக் கரும்பலகையில் ஒன்றும் வராது. அது தனிப் பாடம். அந்தப் பாடம் பின்னால் வந்தது.

ராமாயி கரியாலூர்க்காரி. மிளகு பறிக்கக் கேரளா போன இடத்தில், ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்த நாளில் மாவைக் கையில் எடுத்தவள். மாவை வீசினால் மெல்லிய வேட்டி காற்றில் பறப்பதுபோல் இருக்கும். அருவிக்கு வந்த பையன்கள் அதை வீடியோ எடுத்துப் போட்டு, கடைக்குக் கூட்டம் சேர்ந்தது. அவள் புருஷன் காளி இலை போட்டுப் பரிமாறுவான். சாது. பேச்சு மட்டும் நிற்காது.

காரம் ஜாஸ்தி, காரம் கம்மி

முதல் சண்டை குருமாவில் வந்தது.

தம்பி சென்னையில் வேலை பார்த்தவன். "காரம் கம்மி பண்ணு. டூரிஸ்ட்டுங்க வராங்க, கொழந்த குட்டி சாப்புடும்" என்பான். அவர் மலை ஏறி இறங்கிய லாரிக்காரர்களோடு சாப்பிட்டு வளர்ந்தவர். "காரம் ஜாஸ்தி போடு. குளுருக்கு ஒறைக்கணும்" என்பார். ஒருவர் சொல்லிவிட்டுப் போன பிறகு இன்னொருவர் வருவார். ராமாயி இரண்டு பேருக்கும் "சரிங்க" என்பாள். ஒருநாள் குருமா வாயில் வைக்க முடியாது. மறுநாள் பத்தியச் சாப்பாடு.

"இன்னா ராமாயி இது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரு சொல்றத ஒருநாளு கேக்கறேன், இன்னொருத்தரு சொல்றத மறுநாளு கேக்கறேன் டீச்சர். யாரையும் வுட்டுக்குடுக்க முடியுங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மேலாண்மைக் கோட்பாடுகள். ஒரு பிரெஞ்சுக்காரர் எந்தக் காலத்திலோ சுரங்கக் கம்பெனியை நடத்திப் பார்த்து எழுதிவைத்த பதினான்கு. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே குருமாப் புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதிக் காதில் கேட்டுக்கொண்டு, பாதி வாயில் படித்துக்கொண்டிருந்தேன்: "ஒரு பணியாளர் ஒரே ஒரு மேலாளரிடமிருந்துதான் கட்டளைகளைப் பெற வேண்டும்."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"இன்னா படிச்ச? இன்னொரு தபா படி."

படித்தேன்.

"இது நம்ம கடைக்கே எழுதுன மாதிரி கீது! யாரு எழுதுனது?"

"வெள்ளைக்காரரு."

"அவரும் மச்சானோட கட வெச்சிருப்பாரு."

இயக்குநர் உதயம்

கல்யாணமான நாளிலிருந்து அவர் ரேஷன் கார்டையும் லைசென்ஸையும் தவிர வேறெதையும் வாசித்து நான் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் கொல்லைப்புறம் வரை எடுத்துக்கொண்டு போனார். என் மாணவர்கள் யாரும் கேட்காத சந்தேகமெல்லாம் கேட்டார். "திட்டமிடல், அமைத்தல், பணியமர்த்தல், இயக்குதல், கட்டுப்படுத்தல். இதுல சமைக்கறது எங்க வருது?" என்று கேட்டது ஒரு உதாரணம். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க "ஏய் டிரைவரு, வண்டிய அப்பால எடு" என்று கேட்டு வந்த மனுஷன். 'மேலாண்மை இயக்குநர்' என்று கட்டத்துக்குள் தன் கையாலேயே எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் எனக்குத் தடுக்க மனசு வரவில்லை.

படம் கடையில் ஏறியது. பதினான்கும் ஒவ்வொன்றாக அமலுக்கு வந்தன. வேலைப் பகிர்வு. ஒழுங்கு. கட்டுப்பாடு. கடைசியில் வந்தது படிநிலைச் சங்கிலி. தகவல் மேலிருந்து கீழே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும், கீழிருந்து மேலே படிப்படியாகத்தான் ஏற வேண்டும். நடுவில் யாரையும் தாண்டக்கூடாது.

நாலு பேர் வேலை பார்க்கும் கடை. ஒருவர் இரண்டு பரோட்டா கேட்டால், காளி அதைத் தனபாலிடம் சொல்ல வேண்டும். தனபால் பூபாலனிடம் சொல்ல வேண்டும். பூபாலன் தலையசைத்துத் தனபாலிடம் திருப்பிச் சொல்ல, தனபால் ராமாயியிடம் சொல்ல வேண்டும். காளிக்கும் ராமாயிக்கும் நடுவே இருந்தது மூன்றடி தூரம். ஆனால் அவர்கள் ஒரே மட்டத்தில் இரண்டு கோட்டின் முனையில் தொங்குகிறவர்கள். நேரே பேசக்கூடாது.

காளி தவித்துப்போனான். "சொந்தப் பொண்டாட்டிகிட்ட 'சால்னா ஊத்து'ன்னு சொல்லக் கூடாதாங்க டீச்சர்?" என்று என்னிடம் வந்து நின்றான்.

ராமாயியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். "நல்லாத்தான் கீது டீச்சர். கல்யாணமாயி இத்தினி வருசத்துல காலைலேந்து சாயந்தரம் வரிக்கும் அந்தாளு பேச்சு காதுல வுழாம இப்பதான் இருக்கறேன். சட்டத்த மாத்திடாதீங்க."

தம்பியின் கணக்குப் பாடம்

தம்பி சும்மா இருப்பானா? அவனும் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். "யக்கா, அந்த இன்னொரு புக்கு குடு. கணக்குப் புக்கு" என்றான்.

கணக்குப்பதிவியலின் முதல் பாடத்திலேயே ஒரு கருத்து வரும். தொழில் வேறு, உரிமையாளர் வேறு. கடை ஒரு தனி ஆள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் தன் கடையிலேயே ஒரு வாழைப்பழம் எடுத்துத் தின்றால், அது கடையிலிருந்து எடுத்ததாகக் கணக்கு. 'எடுப்புகள்' என்று அதற்குப் பெயர்.

என் தம்பிக்குக் கிடைத்தது வாழைப்பழம் அல்ல, வெடிகுண்டு.

மறுநாளிலிருந்து இயக்குநர் ஒரு டீ குடித்தால், கல்லாவிலிருந்து கடை முழுக்கக் கேட்கிற குரலில், "மாமாவுக்கு டீ ஒண்ணு! எடுப்புக் கணக்கு, பற்று!" என்பான். வடையைத் தொட்டால், "எடுப்பு!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இடுப்பு வலிக்கு வெந்நீர் கேட்டார். "வெந்நீரு எடுப்பா யக்கா, செலவா?" என்று எனக்கு போன் வந்தது. வகுப்பில் இருந்தேன். "வெச்சுட்றா" என்றேன்.

இத்தோடு போயிருக்கலாம். திருக்கோவிலூரிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு அருவி பார்க்க வந்தார். என் வீட்டுக்காரருடைய சொந்த அக்கா. தன் தம்பியின் கடை என்று உரிமையோடு உட்கார்ந்து, பரோட்டா, ஆம்லெட், கோழி வறுவல் என்று எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது தனபால் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தான்.

"மாமா வூட்டு ஆளுங்க பூரா… எடுப்பு!"

நாத்தனார் ஈரக்கையோடு திரும்பினார். "இன்னாது?"

"ஒண்ணுமில்லீங்க. கணக்குல அப்புடித்தான் வரும்."

"பூபாலா! உன் மச்சான் எங்கள இன்னான்னு சொல்றான்? நாங்க எடுத்துத் தின்ன வந்தவங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் நாத்தனார் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தென்பெண்ணையின் இரண்டு கரையிலும் விஷயம் தெரிந்துவிட்டது. 'வாத்தியார் வூட்ல சாப்புட்டா கணக்கு எழுதுவாங்க' என்று சொல்லியிருக்கிறார். வாத்தியார் நான்.

அன்றைக்கு நின்றது மாமன் மச்சான் பேச்சு. அவர், "உன் தம்பி எங்கக்காவ அவமானப்படுத்திட்டான்" என்றார். தம்பி, "பாதி மொதல் போட்டவன எந்த நாயத்துல ஒரு படி கீழ எழுதுனாரு, கேளு" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வலி எடுப்புக் கணக்கில் இல்லை, அந்தக் கட்டத்தில் இருந்தது. படத்தில் அவன் பெட்டி அவர் பெட்டிக்குக் கீழே இருந்தது.

அப்புறம் எங்கள் வீடு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனது. இவர் சொல்வதை அவனிடமும், அவன் சொல்வதை இவரிடமும் நான்தான் கொண்டுபோக வேண்டும். சனி, ஞாயிறு மலைக்குப் போனால், கடைக்குள்ளேயே அந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் நடப்பேன். தம்பி, "பாகம் பிரிச்சுக் கலைச்சுடலாம்னு சொல்லு" என்று ஒருநாள் சொல்லியனுப்பினான். அதை மட்டும் நான் கொண்டுபோகவில்லை. முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

படத்தைத் திருப்பி மாட்டுங்க

அந்த நிலையில்தான் களமருதூர்க் கல்யாண பஸ் வந்து நின்றது.

நடந்தது இதுதான். சாப்பாட்டுக்குச் சொல்லி அவர்கள் முந்தின நாள் அவருக்கு போன் செய்திருக்கிறார்கள். உயர்மட்ட முடிவு என்று அவர் நேரே ராமாயியிடம் போய் மாவு ஜாஸ்தியாகப் பிசையச் சொல்லிவிட்டார். அவர் வரைந்த சங்கிலியை அவரே தாண்டிவிட்டார். தம்பிக்குத் தகவல் இல்லை. அவன் காலையில் வந்து மாவைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லாம கல்லுல ஒண்ணும் போடக் கூடாது" என்று ராமாயியிடம் சொல்லிவிட்டான்.

"யக்கா, எனக்கு முறைப்படி தகவல் வந்துச்சான்னு அவர்கிட்ட கேளு" என்றது அந்தத் தூண்.

"கலா, படத்துல மேல யாரு கீறாங்கன்னு உன் தம்பியப் பாக்கச் சொல்லு" என்றது இந்தத் தூண்.

குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஒரு பெரியம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "ஏம்பா, நாங்க சாப்புட வந்தோமா, பஞ்சாயத்து பாக்க வந்தோமா?" என்றார்.

நான் என்ன, சாதாரணமானவளா? பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள். "அந்தப் பாடத்துலயே அடுத்த பத்தியில வழி இருக்குது" என்று கத்தினேன். "அவசரம்னா, ஒரே மட்டத்துல இருக்கறவங்க நடுவுல பலகை போட்டுக் கடந்த மாதிரி நேரா பேசிக்கலாம்!"

அவர் திரும்பினார். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். "அது ஒரே மட்டத்துல கீறவங்களுக்கு. அவன் எனக்கு ஒரு படி கீழ."

"பாத்தியா யக்கா? பாத்தியா?" என்றான் தம்பி. குரல் உடைந்துவிட்டது. "சரிபாதி போட்டவன் எப்புடி யக்கா கீழ் படி ஆவேன்?"

கல்யாண வீடே அவனைப் பார்த்தது. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால் இயக்குநர் பதவி போய்விடுமே.

ராமாயிதான் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"டீச்சர், அந்தப் படத்தக் கொஞ்சம் சொவத்துப் பக்கமா திருப்பி மாட்டுங்க."

திருப்பினேன். பின்பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் காலண்டர் அட்டை.

"மேனேஜரு, எல போடுங்க. எம்டி, உங்களுக்கு மாவு வீசத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வெங்காயம் உரிங்க. டீச்சர், நீங்க தண்ணி வையிங்க."

காளி மட்டும் நடுவில் நின்று இரண்டு தூணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ், உனக்குத் தனியா சொல்லணுமா? சால்னா வாளியத் தூக்கு!"

"பேசிட்டா!" என்று காளி கத்தினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் மாவு பறந்தது. கல்லில் எண்ணெய் சீறியது. அடுக்கிய பரோட்டாவை ராமாயி இரண்டு பக்கமும் அடித்த சத்தம் மத்தளம்போலக் கேட்டது. மேலாண்மை இயக்குநர் கண்ணீர் வழிய வெங்காயம் உரித்தார். எவ்வளவு வெங்காயத்தால், எவ்வளவு மச்சானால் என்று எனக்குத் தெரியாது. ஒரே செருப்போடு வந்த மாப்பிள்ளை பந்தி முடியும் வரை எழுந்திருக்கவில்லை. புதுப்பெண் தன் இலையிலிருந்து அவர் இலைக்கு ஒரு பரோட்டாவைத் தள்ளிவிட்டதை இரண்டு வீட்டாரும் பார்த்து ஓவென்று சிரித்தார்கள்.

நற்பெயர் என்னும் பொருள்

பஸ் போன பிறகு ராமாயி முகம் கழுவிக்கொண்டு வந்து எங்கள் மூவர் முன்னால் நின்றாள்.

"மலைக்குக் கீழ புதுசா ஒரு ஓட்டலு தெறக்கறாங்க. என்னக் கூப்புட்டுக்கினே இருக்கறாங்க. போலாம்னு இருக்கறேங்க."

"ஏன், சம்பளம் பத்தலையா?" என்றேன்.

"சம்பளம் கெடக்குது டீச்சர். இங்க ஒருத்தருக்கு நல்லவளா இருந்தா இன்னொருத்தருக்குக் கெட்டவளா ஆவறேன். எனக்கு எதுக்குங்க?"

"அவள வுடக் கூடாதுன்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார் அவர்.

"நானும் அதத்தான் சொல்றேன்னு சொல்லு" என்றான் தம்பி.

ஒரு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம். அதையும் என் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

"அப்ப எனக்குப் பங்கு வேணும்" என்றாள் ராமாயி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரோட்ல எறங்கறவன் இன்னான்னு கேக்கறான்? எம்டி கட எங்க, மேனேஜரு கட எங்கன்னா கேக்கறான்? 'ராமாயி பரோட்டா எங்க'ன்னு கேக்கறான். காளியே காதால கேட்டுக்கீறாரு."

"ஆமாங்க, கேட்டுக்கீறேன்" என்றான் காளி, பேசக் கிடைத்த வாய்ப்பை விடாமல்.

புதுக் கூட்டாளி சேர்ப்பு என்பது பரீட்சையில் கட்டாயம் வருகிற கணக்கு. வெளியிலிருந்து வருகிறவர், கடை ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கும் நற்பெயருக்கும் ஒரு விலை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எனக்கு இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில், பெயரை மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன்: அ, ஆ இரண்டு கூட்டாளிகள். இ என்பவரைச் சேர்க்கிறார்கள். இ பணம் கொண்டுவரவில்லை. ஆனால் கடையின் நற்பெயர் முழுவதும் இ-யால் வந்தது. இப்போது யார் யாருக்கு நற்பெயருக்கான தொகை கொடுக்க வேண்டும்?

வகுப்பு பேனாவைக் கடித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கணக்கில் பெரும்பாலும் தப்பு விடுகிறவள்.

"மிஸ், அப்டினா இ-தான் பழைய ஆளு. அ-வும் ஆ-வும்தான் புதுசா சேர்றாங்க."

வகுப்பே சிரித்தது. நானும்தான். சாயங்காலம் அதை வீட்டில் சொன்னேன். தம்பியும் வந்திருந்தான், என் வழியாக ஏதோ கேட்க. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே தரையைப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை.

"மூணு பங்கு. சமமா" என்றார் அவர், பொதுவாக, மின்விசிறியிடம்.

"யாரும் மேல கீழ இல்லாம" என்றான் தம்பி, அதே மின்விசிறியிடம்.

பத்திரம் எழுதிய நாள்

கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். பொறுமைசாலி. 'முதல் கூட்டாளி' என்று எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தார். "யாரு பேருங்க மொதல்ல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தம்பியும் என்னைப் பார்த்தான். பத்திரக்காரர் பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் டீ சொல்லிவிட்டார்.

"என் பேரப் போடுங்க" என்றாள் ராமாயி.

போட்டார். ஒரு பிரச்சினையும் வரவில்லை. கடையை நடத்தும் பொறுப்பும் அவளுக்கே என்று ஒரு வரி சேர்த்து, 'நிர்வாகக் கூட்டாளி' என்று எழுதினார். அப்படியென்றால் என்ன என்று ராமாயி கேட்டாள்.

"மத்தவங்கள வேல வாங்கறவங்க."

"அது நான் போன வாரமே ஆரம்பிச்சுட்டேனே" என்றாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் அவர்களோடு மலைக்குப் போனேன். பேருந்தில் கூட்டம் அதிகமில்லை. அவர் முன் சீட்டுக்கும் தம்பி பின் சீட்டுக்கும் நகர்ந்தார்கள். நிர்வாகக் கூட்டாளி ஏறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அந்த ஒரு சீட்ல ஒக்காருங்க."

உட்கார்ந்தார்கள். நடுவில் என் பையை வைத்துக்கொண்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டும் வரை அந்தப் பைதான் இருவருக்கும் நடுவில் பேசாமல் வந்தது.

மலை ஏற ஏறச் சாரல் அடித்தது. தம்பி ஜன்னலோரம். முகம் நனைந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஷட்டர எறக்கி வுட்றா மச்சான். உனக்குத்தான் சட்டுனு சளி புடிக்கும்."

முன் சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எறங்க மாட்டேங்குது மாமா. மாட்டிக்கிச்சு."

"நகரு, நான் இழுக்கறேன்."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஷட்டர் தடாலென்று இறங்கியது. அப்புறம் ஒரு பெரிய வளைவில் வண்டி முக்கி முனகித் திரும்பியது.

"செகண்ட்லயே ஏத்தறான் பாரு. இந்த வளைவுக்கு பர்ஸ்ட்டு போடணும்."

"நீ பர்ஸ்ட்டு போட்டு ஏத்துனப்பதான மாமா பலாப்பழம் பூரா ரோட்ல உருண்டுச்சு?"

"அது கயிறு அவுந்து உருண்டுச்சுடா! கயிறு கட்டுனது யாரு? நீ!"

"நானா? நான் அப்ப மெட்ராஸ்ல இருந்தேன்!"

"லீவுக்கு வந்திருந்த!"

"எந்த லீவு? யாரு லீவு குடுத்தாங்க?"

குரல் ஏறியது. பேருந்தே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த ராமாயி பாதி எழுந்துவிட்டாள்.

"அதட்டட்டுங்களா டீச்சர்?"

நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"வுடு ராமாயி. சண்ட போடட்டும்."

பின்னால் பலாப்பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டுகொண்டிருந்தன. நான் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். கரியாலூர் வந்ததும் ராமாயிதான் தோளைத் தட்டி எழுப்பினாள்.